சுண்ணாம்பும் கூலியும்

லாரி பேக்கர் கட்டிய வீடுகளில் பொருளுக்குப் போகும் பணம் குறைவு. கூலிக்குப் போகும் பங்கு கூடுதல். அவருடைய கட்டடக்கலைக்கு அதுவே அடித்தளம் என்பேன். சிமெண்டுக்கும் இரும்புக்கும் கொடுக்கும் காசு ஊரை விட்டுப் போய்விடுகிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுக்கும் காசு உள்ளூர்க் கடைத்தெருவுக்கு வருகிறது. 1917இல் பர்மிங்காமில் பிறந்து 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த பேக்கர் பரப்பிய ‘ராட் ட்ராப்’ சுவரைப் பாருங்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு எழுப்புவது அது. ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். மேலே பூச்சு கிடையாது. அதனால் கோணலை மறைக்கவும் வழி கிடையாது. கை சுத்தமான கொத்தனார் இல்லாமல் இந்தச் சுவர் எழாது.

பேக்கரை ‘மலிவு வீட்டுக்காரர்’ என்று மட்டும் நினைப்பவர்கள் பூந்துறை மீனவர் குடியிருப்பின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். வீடுகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தாமல் முன்பின்னாக விலக்கி வைத்தார். பின்வீட்டுக்கும் கடற்காற்று வந்தது. நடுவில் வலை உலர்த்தவும் பிள்ளைகள் ஓடியாடவும் இடம் கிடைத்தது. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காகப் பெரும்பாக்கத்தில் எழுந்த அடுக்குமாடிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. தரையில் கடை விரித்துப் பிழைத்தவர்களை மாடியில் ஏற்றுவதற்குமுன் அவர்களுடைய பிழைப்பையும் வரைபடத்தில் சேர்த்திருக்க வேண்டும். அது இல்லாத வீட்டைச் சமூக வீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆரோவில் வேறொரு வழியில் போனது. 1989இல் அங்கே தொடங்கிய மண் கட்டுமான மையம், மண்ணோடு 5 சதவீத அளவில் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக்கும் முறையை வளர்த்தது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். சில வாரங்கள் ஈரம் காத்தால் போதும். அந்தக் கல்லால் எழுந்த பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது. ஆனால் எல்லா ஊர் மண்ணும் இதற்கு இணங்காது. ஈரத்தில் ஊதிக் கோடையில் வெடிக்கும் கரிசலுக்குப் பக்குவமே வேறு. மண்ணைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்துச் சொல்லும் ஆள் அங்கும் வேண்டும்.

வணிகக் கட்டடங்களில் நிலைமை சிக்கலானது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் பக்கத்தில் கண்ணாடிச் சுவர் எழுப்பி, அந்தச் சூட்டை இறக்க நாள் முழுதும் ஏசி ஓட்டி, அதற்கும் பசுமைச் சான்றிதழ் வாங்கும் வழக்கம் நம் நகரங்களில் இருக்கிறது. இதை ஏற்க முடியவில்லை. அதற்காகப் பெரிய அலுவலகங்களால் எதுவுமே முடியாது என்றும் சொல்லக் கூடாது. ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் ஒரே கட்டடத்தை இரு சம பாதிகளாகப் பிரித்தது. ஒன்றில் வழக்கமான ஏசி. மற்றதில் கூரைத்தளத்தினுள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிடும் முறை. இரண்டாம் பாதிக்கான குளிரூட்டலில் மின்செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்து காட்டிய சோதனை என்பதால் இதை மதிக்கிறேன்.

என்றாலும் மனத்துக்கு நெருக்கமான வணிகக் கட்டடம் திருவனந்தபுரம் தம்பானூரில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ்தான். சுருளாக மேலேறும் சரிவுப் பாதையே சாப்பாட்டுக் கூடம். மேசைகள் கட்டடத்தோடு கட்டடமாக அமைந்தவை. செங்கல் சுவரின் துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. நடத்துபவர்கள் தொழிலாளர் கூட்டுறவு அமைப்பினர். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவரும் அங்கே வந்து உட்காரலாம்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும்போது கொத்தனாரின் அருமை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்; உள்ளே ஏறிய ஈரம் வெளியேற அது வழி விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, உப்பு பூத்து, செங்கல் பொடிந்து கொட்டும். நல்லெண்ணத்தோடு செய்த சிமெண்ட் பூச்சே எத்தனையோ கோயில் மதில்களையும் பழைய வீடுகளையும் கெடுத்திருக்கிறது. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவிட வேண்டும், அரைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். குறித்த தேதிக்குள் முடிக்கச் சொல்லும் ஒப்பந்தமும், குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை தரும் டெண்டரும் அந்தக் காத்திருப்பைத் தாங்குவதில்லை.

புதுச்சேரியின் வைசியாள் தெருவில் அந்தக் காத்திருப்புக்கு இடம் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இன்டாக் அமைப்பின் வழிகாட்டலில், தெருவை ஒட்டிய தாழ்வாரங்களும் திண்ணைகளும் வரிசையாகச் சீரமைக்கப்பட்டன. ஒரு மாளிகையை மட்டும் தேர்ந்தெடுத்து மெருகேற்றாமல், குடியிருப்பவர்களைக் குடியிருக்க விட்டே தெருவை மீட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. அதே நகரில், 1870களில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அக்கறை காட்டியதற்கு நன்றி. ஆனால் விழுமுன் செய்திருக்க வேண்டிய செலவு அது.

செட்டிநாட்டில் சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. பல வீடுகளின் தூணும் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. ஆத்தங்குடித் தரைக்கல் மட்டும் தொழிலாக நின்றது. அதிலும் சிமெண்ட் உண்டு. ஆனால் சூளை இல்லை. கண்ணாடிப் பலகையின்மேல் கையால் வண்ணம் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். புது வீடு கட்டுகிறவர்கள் விரும்பி வாங்குவதால் அந்த வண்ண வார்ப்பைச் செய்யும் கைகளுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

‘மெட்ராஸ் டெரஸ்’ தளத்துக்கு அப்படி ஆதரவு கிடைக்கவில்லை. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். அடித்த கட்டை துள்ளித் திரும்பினால்தான் தளம் இறுகியது என்று பொருள். அந்தத் துள்ளலைக் கையால் அறிந்தவர்களுக்குக் கட்டட வேலையில் கிடைத்த பெயர் சித்தாள்; கிடைத்தது சித்தாள் கூலி. மரபுக் கட்டடங்களை மீட்க இன்று பணம் ஒதுக்குகிறவர்கள், அந்த வேலை தெரிந்த பெண்களுக்குக் கொத்தனார் கூலியும், அவர்களிடம் கற்க வரும் இளையவர்களுக்குப் பயிற்சிக் காலச் சம்பளமும் மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.