விழாவின் மறுநாள்

விழாவைப் பாடுதல் எளிது. விழா முடிந்த மறுநாளைப் பாடுதல் அரிது. முன்னதற்கு விளக்கும் இசையும் புத்தாடையும் துணைநிற்கும். பின்னதற்கு வாழ்க்கை ஒன்றே துணை. சிங்கப்பூரில் தீபாவளியை ஒட்டி எழுதப்பெறும் கதை கவிதைகளையும், நம் மாணவர் எழுதும் கட்டுரைகளையும் படிக்குங்கால் இவ்வுண்மை புலனாகும். எண்ணெய்க் குளியலில் தொடங்கும் எழுத்து, முறுக்கையும் அதிரசத்தையும் பரிமாறி, சிராங்கூன் சாலை விளக்குகளை வியந்து, அன்றிரவோடு முடிந்துவிடுகிறது. விடிந்தபின் அவ்வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது என்று கேட்பாரில்லை.

சங்கப் புலவர் அதனைக் கேட்டனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையை முடத்தாமக் கண்ணியார் விழாவில் தொடங்கவில்லை. விழா கழிந்த மறுநாளில் தொடங்குகிறார். பேரூரில் கிடைக்கும் சோற்றின்மேல் ஆசை கொள்ளாது வேற்றிடம் நோக்கிப் புறப்படும் பொருநன் ஒருவனை, கரிகாலனிடம் பரிசில் பெற்று மீள்பவன் விளித்துப் பேசுகிறான். விழாவைக் குறிக்கப் புலவர் ஆளும் சொல் 'சாறு' என்பது. இன்று அச்சொல் நமக்குப் பழச்சாற்றையும் மிளகுசாற்றையுமே நினைவூட்டுகிறது. விழா என்னும் பொருள் வழக்கிழந்து போயிற்று.

பாட்டின் உள்ளே நுழைந்தால் வியப்பு மிகும். கரிகாலன் அவையில் மகளிர் பொற்கலத்தில் மீண்டும் மீண்டும் கள் வார்க்கின்றனர். பொருநன் பருகி வழிநடை வருத்தம் தீர்ந்து உறங்குகிறான். எழுந்தபோது அவனுக்கு மனக்கவலை ஏதுமில்லை. கள்ளுண்ட மயக்கத்தால் வந்த நடுக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இம்மயக்கத்தைப் புலவர் 'அனந்தர்' என்கிறார். பின்னர் நாள்தோறும் இறைச்சி உண்டு உண்டு, கொல்லை உழுத கொழுப்போல அவன் பல் தேய்கிறது. மூச்சுவிடவும் இடமின்றி உணவு வெறுத்துப்போகிறது. இறுதியில், "எம் சுற்றத்தாரிடம் செல்ல விரும்புகிறோம்" என்று மெல்ல விடைகேட்கிறான்.

ஆற்றுப்படை புரவலனைப் புகழும் இலக்கியம். அதில் மிகையுண்டு என்று சிலர் கூறுவர். உண்மையே. ஆயினும் அம்மிகையை நாம் நம்புவது எதனால்? நடுங்கும் உடலையும் தேய்ந்த பல்லையும் நிறைந்த வயிற்றையும் புலவர் மறைக்கவில்லை, அதனால் நம்புகிறோம். விருந்தின் உண்மைக்குச் சான்று அதன் மறுநாளே ஆகும்.

வீட்டு அடுப்பைக் காட்டுவதிலும் அவர்கள் இவ்வாறே ஒளிவின்றி நடந்தனர். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் பாணன் மனையில், குப்பையில் முளைத்த கீரை உப்பின்றி வேகிறது. வறுமையைப் பிறர் காணாதவாறு கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு அதனை உண்கின்றனர். குறுந்தொகை 167ஆம் பாடலிலோ புதுமனைவி, தயிர் பிசைந்த விரலைத் தன் ஆடையிலேயே துடைத்து, புகை கண்ணில் படியத் தானே சமைக்கிறாள். கணவன் இனிது என்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. கூடலூர் கிழார் பாடியது பண்டிகைப் பலகாரத்தை அன்று, அன்றாடப் புளிக்குழம்பையே.

இனி, பருகுவன பற்றிக் காண்போம். மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 24ஆம் பாடலில், நெய்தல் நிலத்தார் பனங்குரும்பை நீரையும், கரும்பின் சாற்றையும், இளநீரையும் ஒன்றாகக் கலந்து பருகிக் கடலில் பாய்கின்றனர். மூன்று நீர் கலந்ததால் அதுவும் முந்நீர், கடலும் முந்நீர். இங்கே 'சாறு' விழா அன்று, கரும்பின் பிழிவு. ஆக, ஒரே சொல் விழாவையும் பிழிவையும் அன்றே குறித்தது. ராஃபிள்ஸ் விடுதியில் ஞியாம் டொங் பூன் 1915ஆம் ஆண்டளவில் உருவாக்கினார் என்று கூறப்படும் 'சிங்கப்பூர் ஸ்லிங்' ஜின்னோடு செர்ரி மதுவும் பழச்சாறும் கலந்த பானம். அது இந்நகரின் பெயரை உலகெங்கும் பரப்பியது. கலந்து பருகும் கலைக்கு நம் நூலிலும் சான்றுண்டு என்பதை நம் மாணவர் அறிவரோ?

அறியார், ஏனெனில் நாம் சொல்வதில்லை. வகுப்பில் 'தேறல்' என்னும் சொல் வந்தபோது, தேன் என்று சொல்லி நானும் விரைந்து கடந்ததுண்டு. அகராதி அப்பொருளுக்கு இடந்தருகிறது; பாடல் தரவில்லை. அதியமான் சிறிதளவு கள் பெறின் எமக்கே தருவான், பெரிதளவு பெறின் யாம் பாட உடனிருந்து மகிழ்ந்து உண்பான் என்று ஔவையார் புலம்பும் 235ஆம் புறப்பாட்டில் கள்ளை நீக்கினால் நட்பும் நீங்கிவிடும்.

கள்ளைப் புகழ்வதே இலக்கியத்தின் வேலை என்று கொள்ளற்க. வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் இறுதிக் குறள், குடியாதிருக்கும் பொழுதில் குடித்தவனைக் காண்பவன் தன் சோர்வை நினையானோ என்று வினவுகிறது. அதுவும் மறுநாட்பார்வையே. இந்நகரும் அத்தகைய மறுநாளைக் கண்டதுண்டு. 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் இந்தியத் தொழிலாளி ஒருவர் பேருந்து விபத்தில் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. மதுவும் அதற்குத் துணைசெய்த காரணங்களுள் ஒன்று என விசாரணைக் குழு கண்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அப்பகுதியை மதுக்கட்டுப்பாட்டு வட்டாரம் ஆக்கியது. பொது விடுமுறைக்கு மறுநாள் காலை 7 மணிவரை அங்குப் பொதுவிடத்தில் மது அருந்தலாகாது. விழா முடியும் நேரத்தைச் சட்டம் குறித்துவிட்டது. நம் எழுத்து இன்னும் குறிக்கவில்லை.

அந்த 7 மணிக்குத் தெருவில் நடப்பவர் யார்? வேலைக்குச் செல்லும் வண்டிக்குக் காத்திருக்கும் தொழிலாளி, தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கும் மூதாட்டி, எஞ்சிய முறுக்கைப் புத்தகப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடும் சிறுவன். வீட்டிலோ எண்ணெய்ப் பண்டம் தெவிட்டிய வயிற்றுக்கு மிளகுசாறு கொதிக்கிறது. ஒரு சாறு கழிந்தது. மறுசாறு அடுப்பில் ஏறிற்று. இவர்கள் நம் கதைகளில் இடம்பெற வேண்டாவா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு 'தீபாவளி' என்று கட்டுரைத் தலைப்புத் தராதீர்கள். 'தீபாவளிக்கு மறுநாள்' என்று தாருங்கள். மனப்பாடம் செய்த தொடர்கள் அங்கே உதவா. மாணவன் தன் வீட்டுச் சமையலறைக்குள் சென்று பார்த்தே எழுதவேண்டியிருக்கும். முடத்தாமக் கண்ணியாரைக் கற்பிக்க அதனினும் நல்ல தொடக்கம் வேறில்லை.