தற்காப்புக் கொலையும் பெரியபுராணமும்

தம்மைக் கொல்ல வந்தானைத் தடுத்தலும் அடியார்க்கு ஆகாதென்பதே பெரியபுராணக் கருத்தென்பார் சிலர். ஏனாதிநாதர், மெய்ப்பொருளார் வரலாறுகளை அதற்குச் சான்று காட்டுவர். அது பொருந்தாமை காட்டுதும்.

வாட்பயிற்று உரிமை வேட்டுப் படையொடு வந்த அதிசூரனை ஏனாதிநாதர் தம் சுற்றத்தோடு எதிர்த்துப் பொருது வென்றார். சேக்கிழார் அதனைக் குற்றமாகக் கூறிற்றிலர். பின்னர்ப் பிறர் மடியாவண்ணம் தனித்துச் சென்று பொருதபொழுதே, பகைவன் நெற்றியில் நீறு கண்டு போரொழிந்தார். ஒழிந்தும், படையில்லாரைக் கொன்ற பழி அவனைச் சாராமைப் பொருட்டு வாளும் பலகையும் விடாது நின்றார். அவர் ஈந்தது தம் உயிர் ஒன்றே.

மெய்ப்பொருளார் திறத்திலோவெனின், தத்தன் புகுந்தபொழுது முத்தநாதன் தான் கருதியதை முடித்துவிட்டான். அந்நிலையில் அவனை வெட்டுதல் பழிவாங்கலேயன்றிக் காவலன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், 2024 சூலை முதல் அதனிடத்தில் நடைபெறும் பாரதீய நியாய சன்ஹிதையும், உடற்கு ஊறு நேருமென்னும் அச்சம் ஒழியத் தற்காப்புரிமையும் ஒழியுமென்றே விதிக்கும். வேண்டுமளவின் மிக்க ஊறும் விலக்கும்.

தத்தன் ஒரு கணம் முற்புகுந்திருப்பின் என்னையெனின், அவன் தடுத்தல் கடனேயாம். பிறிது வழியில்லையேல் வெட்டுதலும் அமையும். தம் உயிரை ஈதல் தமக்கே உரிய தியாகம். பிறர் உயிரைக் காவாது விடுதல் எவர்க்கும் அறமன்றென்க.