வாள் பிடிக்கத் தெரியாத வீரன்

"வீரக் கதை என்று சொல்லிக் கொடுத்தீர்களே, ஸார்! இதில் கதாநாயகன் ஆரம்பத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறானே!" என்று ஒரு சிநேகிதர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது குறைப்பட்டுக்கொண்டார். அதே மூச்சில், "அடுத்த பாகம் இருக்கிறதா?" என்றும் கேட்டார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு ரகசியம் இருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் ஆராய்ந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

புத்தகம், ஜின் யோங் எழுதிய 'மானும் கொப்பரையும்' என்ற சீன நாவல். ஹாங்காங்கில் அவரே 1959-ல் தொடங்கிய 'மிங் பாவ்' தினசரியில், 1969 முதல் 1972 வரை தொடர்கதையாக வந்தது. ஜான் மின்ஃபோர்டு என்பவர் இதைச் சுருக்கி, இங்கிலீஷில் மூன்று பாகங்களாகத் தந்திருக்கிறார். சீனர்களின் போர்க்கலைக் கதைகளுக்கு ஒரு மரபு உண்டு. கதாநாயகன் மலையடிவாரத்திலோ மடாலயத்திலோ குருவைத் தேடி அடைவான். வருஷக் கணக்கில் வித்தை பயில்வான். அநியாயத்தை எதிர்த்து வாளை உருவுவான். ஜின் யோங்கே 1955 முதல் அத்தகைய கதாநாயகர்களைப் படைத்துப் புகழ் பெற்றவர். கடைசி நாவலுக்கு வந்தபோது அவர் படைத்த கதாநாயகன் வெய் சியாவ்பாவ். யாங்சௌ நகரத்து விலைமாதர் விடுதி ஒன்றில் பிறந்தவன். அப்பன் யாரென்று தெரியாதவன். எழுத்து வாசனை இல்லாதவன். வித்தை கற்றுத் தர எத்தனையோ குருமார்கள் வலிய வருகிறார்கள். அவனோ சோம்பேறி. உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வித்தை; அது, ஓடும் வித்தை!

ஆனால் அவன் ஏறாத பதவி இல்லை. பீகிங் அரண்மனையில் அண்ணகனாக, அதாவது அந்தப்புரச் சேவகனாக வேஷம் போடுகிறான். இளம் சக்கரவர்த்தி காங்சியை யாரோ ஒரு பையன் என்று நினைத்துத் தினம் மல்லுக்கட்டி, அவருக்கே உயிர்த் தோழன் ஆகிறான். அதே சமயத்தில், மஞ்சு அரசைக் கவிழ்க்கச் சபதம் செய்த ரகசிய சங்கம் ஒன்றில் ஒரு கிளைக்குத் தலைவனாகவும் ஆகிவிடுகிறான். தலைவனைத் துதி பாடுவதே மதமாகக் கொண்ட இன்னொரு கூட்டத்தில், புராதனக் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த மேதாவி என்று பெயர் வாங்குகிறான். படிப்பே வராத பையன்! அந்தக் கூட்டத்துப் பண்டிதர் ஒருவர் கல்வெட்டில் இருப்பதாகத் தாமே ஒரு துதியை இட்டுக்கட்டி, அவனை உருப்போட வைக்கிறார். தலைவரும் கேட்டு மகிழ்ந்து போகிறார்.

இதைப் படித்துச் சிரிக்கிறோம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதுதான் கேள்வி. நம்மைவிட மட்டமான ஒருவனைப் பார்ப்பதில் நமக்கு ஒரு திருப்தி, அதனால்தான் அசட்டு வேஷதாரிகளை ரசிக்கிறோம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது போதவில்லை. கல்வெட்டுக் காட்சியில் அசடு வெய் சியாவ்பாவ் அல்ல, அவனை நம்பியவர்கள்தான். போர்க்கலைக் கதையில் எல்லோருக்கும் ஒரு முத்திரை உண்டு: குருவின் பெயர், மடாலயத்தின் பெயர், வாளின் பெயர். முத்திரையைக் கண்டதும் உலகம் வணங்குகிறது, மனிதனைப் பார்ப்பதில்லை. கள்ள முத்திரையோடு ஒருவன் உள்ளே நுழைந்தால்தான் காவலின் யோக்கியதை வெளிப்படுகிறது.

ஓர் உதாரணம். கதையின் தொடக்கத்தில் ஒரு சண்டை. வெய் சியாவ்பாவ் எதிரியின் கண்ணில் சுண்ணாம்பை வீசித் தன் கட்சிக்காரரைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றப்பட்ட வீரரோ, இது கீழ்மக்கள் செய்யும் காரியம் என்று அவனையே அடிக்கிறார். கத்தியால் கொல்வதும் கொலைதான், சுண்ணாம்பால் கொல்வதும் கொலைதான், இதில் என்ன ஒசத்தி, தாழ்த்தி என்று வாதாடுகிறான் பையன். பின்னால் அரண்மனையில், சர்வாதிகாரியாக இருந்த ஓபாய் பிரபுவை இளம் சக்கரவர்த்தி சிறைப்பிடிக்கிறார். இது 1669-ல் உண்மையாகவே நடந்த சரித்திரச் சம்பவம். நாவலில், ஓபாயின் கண்ணில் தூபச் சாம்பலை வாரி வீசிக் காரியத்தை முடிப்பவன் வெய் சியாவ்பாவ். தெருவில் வீசினால் அடி. அரண்மனையில் வீசினால் பதவி! வித்தை ஒன்றுதான். இதைவிடக் கூர்மையாக வீரத்தின் கௌரவத்தை விமரிசனம் செய்வது கடினம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல நையாண்டி நாவல், அவ்வளவுதான். வேஷதாரியிடம் வேஷமில்லாத இடம் ஒன்றை ஜின் யோங் வைத்திருக்கிறார். தெருக் கதைசொல்லிகளிடமிருந்து பொறுக்கிய கதைகள்தான் அவன் பெற்ற கல்வி. அந்தக் கதைகளில் வரும் சிநேக தர்மத்தை மட்டும் அவன் நிஜமென்று நம்பிவிடுகிறான். சங்கத்தை அழி என்கிறார் சக்கரவர்த்தி. சக்கரவர்த்தியைக் கொல் என்கிறது சங்கம். இரண்டு பக்கத்திலும் பெரிய லட்சியம், பெரிய நியாயம். இரண்டுமே அவனிடம் கேட்பது ஒரு சிநேகிதனுக்குத் துரோகம் செய்ய வேண்டும் என்பதைத்தான். ஆயிரம் பொய் சொன்னவன் இந்த ஒரு காரியத்தை மட்டும் செய்ய மறுத்துவிடுகிறான். அவனுடைய குரு சென் ஜின்னான் முதுகில் குத்துப்பட்டு இறக்கும்போது, இவரைத்தான் தகப்பனாக நினைத்திருந்தோம் என்று உணர்ந்து கதறுகிறான். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு மறந்துவிட்டது.

இதே ஆசிரியர் 1963 முதல் 1966 வரை எழுதிய இன்னொரு நாவலில் சியாவ் ஃபெங் என்று ஒரு மகாவீரன் வருகிறான். ஹான் மக்களிடையே வளர்ந்தவன். பிறப்பால் கித்தான் இனம் என்று பிறகு அறிகிறான். இரு ஜனங்களுக்கும் நடுவே யுத்தம் வராமல் தடுத்துவிட்டு, முறிந்த அம்பைத் தன் மார்பிலேயே குத்திக்கொண்டு சாகிறான். அவனுக்கு நிகரான பலசாலி இல்லை. ஆனாலும் இரண்டு பக்கத்தின் நடுவே வாழ அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அதே பொறியில் சிக்கிய வெய் சியாவ்பாவ் பிழைத்துப் போகிறான். வீரனுக்குக் காப்பாற்ற ஒரு பெயர் இருந்தது. இவனுக்கு அது இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையான வாசகன் அல்ல. சாமர்த்தியத்துக்குக் கைதட்டிப் பழகிய நாம், எங்கே கைதட்டலை நிறுத்துவது? அரண்மனையில் தப்பிக்க ஒரு பையனைக் கொன்று, அவன் பெயரையே சூட்டிக்கொண்டவன் இவன். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்களிடம் இவன் நடந்துகொள்ளும் முறையையும் ஆசிரியர் வேடிக்கையாகவே எழுதிச் செல்கிறார். சிநேகிதனுக்கு உண்டு என்ற தர்மம் பெண்ணுக்குக் கிடையாதா? அந்தப் பக்கங்களை நான் வேடிக்கை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கதாநாயகனுடைய குறை என்று சொல்லி ஆசிரியரைத் தப்பவிடவும் மாட்டேன்.

ஆனாலும் முடிவு என் மனத்தை விட்டுப் போகவில்லை. பதவிகளையெல்லாம் உதறிவிட்டுத் தாயிடம் திரும்பி வருகிறான். என் அப்பன் யார் என்று கேட்கிறான். ஹான், மஞ்சு, மங்கோலியன், முஸ்லிம், திபெத்தியன் என்று யாராகவும் இருக்கலாம் என்கிறாள் அவள். எந்த இனத்தைக் காக்க எந்த இனத்தை அழிப்பது என்று கதை முழுவதும் சண்டை நடந்திருக்கிறது. அதற்கு ஒரு விலைமாதின் அலட்சியமான பதில் இது. 1972-க்குப் பிறகு ஜின் யோங் புது நாவல் எழுதவில்லை, பழையவற்றைத் திருத்திக்கொண்டிருந்தார். 2018-ல் காலமானார்.

சிநேகிதர் இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கதாநாயகன் ஓடிக்கொண்டே இருக்கிறான் என்று மறுபடியும் குறை சொல்வார். எதிலிருந்து ஓடுகிறான் என்று அப்போது அவரைக் கேட்க வேண்டும்.