நிற்கிற வீடும் நிறுத்திவைத்த வீடும்

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய வீடுகளின் சொந்த ஊர் முட்டுக்காடு அல்ல. செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று தென்னாட்டின் பல மூலைகளில் இடிபடக் காத்திருந்தவற்றை விலைக்கு வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றிவந்து மறுபடி கோத்திருக்கிறார்கள். டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் உழைப்பு அது. லாரி பேக்கர் வடிவமைத்தார், பென்னி குரியகோஸ் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டார். 1996-இல் திறந்தது முதல் அங்கே போய்வந்தவர்களில் பலருக்குத் திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டின் மேல் ஓர் ஆசை ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த ஆசையின் விளைவுகளைக் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை சாலையின் இருபக்கமும் பார்க்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கிய தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல், நிலைக்கதவு. விறகாகப் போயிருக்கவேண்டிய தேக்கு பிழைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் தூணுக்கு விலை ஏற ஏற, வீட்டைப் பழுதுபார்ப்பதைவிடப் பிரித்து விற்பது லாபம் என்ற கணக்கும் ஏறுகிறது. ஒரு வீட்டின் பழமைக்கு இன்னொரு வீடு பலி. அப்படிக் கட்டிய புது வீட்டில் முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் தகடு போட்டு, கீழே இரண்டு டன் ஏசி ஓடுகிறது என்றால், சூடான காற்றை மேலே அனுப்பிவிட்டு வீட்டைக் குளிர்விக்கிற முற்றத்தின் முக்கிய வேலையையே பிடுங்கிக்கொண்டார்கள் என்று பொருள்.

பேச வேண்டியது இந்த வீடுகளைப் பற்றி அல்ல. செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் முன்பு கட்டிய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும், பங்காளிகளுக்குள் பாகம் பிரியாமல் பாதி பூட்டிக்கிடக்கும் குடும்ப வீடுகளைப் பற்றி. தேக்கு உத்தரம், அதன்மேல் சட்டங்கள், சட்டங்களுக்குக் குறுக்கே சுண்ணாம்புச் சாந்தில் நட்டுக்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லிக் காறை, கடைசியாகத் தட்டோடு: மெட்ராஸ் டெரஸ் என்கிற இந்தத் தளத்துக்குக் கம்பியும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கில், ஏற்கெனவே சுட்ட செங்கலையும் அறுத்த மரத்தையும் காப்பாற்றிக்கொள்கிற வீட்டை, புதிதாகக் கட்டும் எந்தப் ‘பசுமைக் கட்டடமும்’ எளிதில் தோற்கடிக்க முடியாது.

ஆனால் கடலோரத்தில் அந்த வீட்டுக்கு முதல் எதிரி ஓதம். தரையிலிருந்து ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புக் காறை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பூச்சு உதிர்வதைப் பார்த்துப் பயந்து சிமெண்டு பூசுகிறவர் அந்த வழியை அடைத்துவிடுகிறார். ஈரம் இன்னும் இரண்டடி மேலே ஏறி, உப்புப் பூத்து, சிமெண்டைப் பாளம் பாளமாகத் தள்ளும். தள்ளும்போது உள்ளே இருக்கும் செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை நனைத்த காகிதக் கூழைக் கல்லில் அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்சி எடுக்கிறது. பல்லவர் கல்லுக்கே அந்தப் பாடு என்றால் நாட்டுச் செங்கல் எம்மாத்திரம்!

சுண்ணாம்பைக் கொண்டாடுகிறவர்கள் அதன் தொல்லையைச் சொல்வதில்லை. நீற்ற வேண்டும், புளிக்கவிட வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுத் தளத்தை நாள்கணக்கில் தட்ட வேண்டும். அந்தக் கை பழகிய கொத்தனார் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி கூடுதல். சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை மக்கியிருந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நடுத்தரக் குடும்பம் தயங்குவதில் தவறு காண முடியாது.

தண்ணீர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட உரிமை உண்டு. 2003-இல் பழைய கட்டடங்களுக்கும் சேர்த்து மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. ஆனால் ஒரே மாதிரிக் குழியை எல்லா மண்ணிலும் தோண்டிய வீடுகள் ஏராளம். கோவளத்து மணலில் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். செங்கல்பட்டுப் பக்கம் பாறை மேலாக இருக்கிற மனையில் அதே குழி நிரம்பி நின்று கொசு வளர்க்கும். அங்கே தேவை மூடிய தொட்டி. 1,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை விழுகிறது என்று வைத்துக்கொண்டால், சிந்தியது ஆவியானது போக எண்பது விழுக்காடு, அதாவது 89,000 லிட்டர் கைக்கு வரும்.

கடலோரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறிவரப் பார்க்கும். கொல்லையில் தூர்ந்து கிடக்கும் உறைகிணறு மேலாக உள்ள நன்னீரை மட்டும் அளவாக மொண்டுகொண்டது. ஆழ்குழாய்க் கிணறு உப்பின் பக்கத்திலேயே போய் உறிஞ்சுகிறது. கூரைநீரை அந்த உறைகிணற்றுக்குத் திருப்பிவிடுவதுதான் இங்கே மிக மலிவான, மிக உருப்படியான வேலை. தூர்வாரும் கூலியும் சில அடி குழாயும் போதும். பக்கத்துப் புது வீட்டின் கழிவறைத் தொட்டி கிணற்றை ஒட்டி இருந்தால் மட்டும் இந்த யோசனை செல்லாது. மணல் மழைநீரை இறக்குவதுபோலவே அந்தக் கழிவுநீரையும் இறக்கிவிடும்.

தோட்டம் என்றாலே புல்தரை என்று ஆகிவிட்ட காலம் இது. கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றாலும், 1,000 சதுர அடிக்கு 460 லிட்டருக்கு மேல் ஆகும். மேலே சேர்த்த 89,000 லிட்டரை அந்தப் புல் ஆறரை மாதத்தில் குடித்துத் தீர்த்துவிடும், வீட்டாருக்கு ஒரு குடம் மிச்சம் வைக்காமல். துவைக்கிற கல்லின் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சிய பழைய கொல்லைக்குத் தனித் தண்ணீரே தேவைப்படவில்லை. புன்னையும் பனையும் தாழையும் உப்புக்காற்றைத் தாங்கும். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகைகளையும் இந்த மண்ணின் மரங்களையும் வளர்க்கிறது. அலங்காரச் செடிகளுக்கு நர்சரி தேடுகிறவர்கள் அங்கேயும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

பழைய வீட்டைப் புகழும்போது அது யாருடைய முதுகில் நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிணற்றில் இறைத்தவர்கள், சாணம் மெழுகியவர்கள், புகையில் அடுப்பூதியவர்கள் எல்லாம் வீட்டுப் பெண்கள். பின்கட்டுக்குப் பின்னால் இருந்த சந்து, மலம் அள்ள வருகிறவர் வீட்டுக்குள் நுழையாமல் வந்துபோவதற்காக விட்டது. அந்த முறையைத் தடைசெய்யும் சட்டம் 2013-இலும் மறுபடி இயற்ற வேண்டியிருந்தது. ‘அந்தக் காலத்தில் எல்லாம் மண்ணுக்கே திரும்பியது’ என்ற பெருமூச்சில் இந்தச் சந்து மறைந்துபோகிறது. பழுதுபார்க்கிறவர் முதலில் தொட வேண்டியவை சமையலறைச் சன்னலும் கழிவறையும், திண்ணை அப்புறம்.

மாமல்லபுரத்துக்குள் வேறொரு நெருக்கடி. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே நிற்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். அங்கே பழைய வீட்டைப் பேணுவது ரசனை சார்ந்த விஷயமே இல்லை, வேறு வழி கிடையாது.

கடைசியாகச் சூரிய மின்சாரம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும், கட்டணம் உண்மையாகவே குறையும். ஆனால் சூரியத் தகடுகளின் தாங்கிகளை நிறுத்தத் தட்டோட்டைத் துளைத்தால் தளம் ஒழுகும், ஒழுகினால் உத்தரம் மக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். அந்தக் காற்றுக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்கிற தாங்கியை, சுவரின் பாரத்தில் நிறுத்துவதுபோல் பொறியாளர் ஒருவர் வரைந்து தரவேண்டும். தளத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு கொத்தனாரும் வேண்டும். அந்த இருவர் கூலியையும் மானியத்துக்குள் அடக்கி, மெட்ராஸ் டெரஸ் உள்ள வீடுகளுக்குத் தளப் பழுதுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கினால், 25 ஆண்டு உழைக்கும் தகட்டுக்குக் கீழே கூரையும் அத்தனை ஆண்டு இருக்கும்.