இரும்புக்கையும் குடவோலையும்

தமிழில் வெளிவந்த படக்கதைகளை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என்னும் ஐயம் இவ்விதழைப் படிப்போர் சிலர்க்கு எழுதல் கூடும். அதனை வாதிட்டு நீக்க யாம் முற்படவில்லை. சிவகாசியினின்று 1972ஆம் ஆண்டில் தோன்றிய 'முத்து காமிக்ஸ்' தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. அவ்வெளியீடு 2022இல் பொன்விழாக் கண்டது. ஒரு கதைத்தலைவன் அரை நூற்றாண்டுக் காலம் தந்தையராலும் மக்களாலும் படிக்கப்படுவானாயின், அவனைக் குறித்துச் சில கூறுதல் தமிழ்த்துறையார்க்கு இழுக்காகாது. அண்மை ஆண்டுகளில் மாயாவியின் கதைகளும், 1984இல் தோன்றிய 'லயன் காமிக்ஸ்' நமக்கு அறிமுகம் செய்த ஸ்பைடரின் கதைகளும் மறுபதிப்பாக வந்துள்ளன. அவற்றை ஒருசேரப் படித்தபின் எமக்குத் தோன்றிய கருத்தொன்றை ஈண்டு எழுதுகின்றோம்.

மறுபதிப்புகளுக்குக் கிடைக்கும் வரவேற்பில் பெரும்பகுதி கதைக்கு உரியதன்று. கதையைப் படித்த காலத்துக்கு உரியது. பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய இதழைச் சில்லறைக் காசு கொடுத்து வாங்கியவர், இன்று சந்தா செலுத்தி அஞ்சலில் பெறும்போது, தம் இளமையையே திரும்பப் பெறுவதாக மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியை யாமும் அறிவோம். ஆயினும் அது திறனாய்வு ஆகாது. இளமை நினைவை நீக்கிப் பார்த்தபின் இக்கதைகளில் எஞ்சுவது யாது என்பதே வினா.

கதையை அறியாதார் பொருட்டுச் சுருங்கக் கூறுவோம். இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் இது. கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். பின்னர் டாம் டல்லி எழுதினார். ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டேல் ஒரு விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பெறுகிறான். மின்சாரம் உடலில் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. மின்விசை தீர்ந்ததும் உடல் மீண்டும் தோன்றும். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த நாட்டுப்புறத்து வாசகனுக்கு இந்நிலையாமையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. மறையும் ஆற்றலைப் பெற்றவன் முதலிற் செய்தது களவு. பின்னரே அவன் நிழற்படையில் சேர்ந்து நல்வழிப் படுகிறான்.

இவனுக்கு 'மாயாவி' என்று பெயரிட்ட தமிழாக்கத்தின் நுட்பம் பாராட்டத்தக்கது. மூலத்தில் அவன் பெயர் இரும்பு நகத்தை மட்டுமே குறிக்கும், மறைதலைக் குறிக்காது. தமிழில் மாயம் என்னும் சொல் வஞ்சனையையும் குறிக்கும். இராமாயணத்தில் மாயாவி என்பான் வாலியொடு பொருது குகையுட் புகுந்த அசுரன். ஆக, இப்பெயர் தலைவனுக்கு உரிய பெயரன்று; பகைவனுக்கு உரியது. களவிற் தொடங்கிக் காவலில் முடிந்த ஒருவனுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. பின்னாளில் 'ராணி காமிக்ஸ்' லீ பாக்கின் முகமூடி வீரரையும் மாயாவி என்றே அழைத்தது. அவர் களவறியாதவர், மறைபவரும் அல்லர். அப்பெயர் அவரிடத்து வெறும் பெயராகவே நின்றது.

கை இழந்தவன் காவலனாதல் நமக்குப் புதிதன்று. மதுரை வீரன் கதையை நினைவு கூர்க. அவன் கள்வரை அடக்கக் காவற்பணி ஏற்றவன், பின்னர்த் தானே கள்வனென ஐயுறப்பட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன், அதன்பின் தெய்வமானவன். கிராண்டேல் கதையில் இவ்வரிசை தலைகீழாய் உள்ளது. அவன் முதலிற் கையை இழக்கிறான், அடுத்துக் கள்வனாகிறான், இறுதியிற் காவலனாகிறான். இங்கிலாந்துக் கதையாசிரியர் மதுரை வீரனை அறிந்திருப்பர் என்று எவரும் கூறார். ஆயினும் மதுரை வீரனை வழிபடும் நாட்டில் இரும்புக்கையன் அந்நியனாகத் தோன்றாமைக்கு இஃது ஒரு காரணமாகலாம். குற்றமே அறியாத வீரனை நம் நாட்டுப்புறக் கதை மரபு மிகுதியாகப் போற்றியதில்லை.

ஸ்பைடரின் நிலை வேறு. 1965இல் 'லயன்' என்னும் ஆங்கில வார இதழில் டெட் கோவன் படைக்க, ரெக் பன் வரைந்த இவனும் குற்றவாளியாகவே தோன்றுகிறான். பெல்ஹாம், ஆர்டினி என்னும் இருவரைத் துணைக்கொண்டு குற்ற உலகின் பேரரசன் ஆதலே இவன் நோக்கம். பின்னர் இத்தொடரை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஜோ ஷஸ்டருடன் இணைந்து சூப்பர்மேன் என்னும் மாசற்ற வீரனைப் படைத்து, அவ்வுரிமையை 130 டாலருக்கு விற்று, பின் வாழ்நாளெல்லாம் வருந்தியவர் அவர். மாசற்றவனைப் படைத்தவர் கையில் மாசே உருவானவன் வந்து சேர்ந்தமை வியப்புக்குரியது. சீகலின் கதைகளில் ஸ்பைடர் கள்வரை எதிர்க்கிறான். எதனால்? அறத்தின்மேற் கொண்ட பற்றால் அன்று. தன்னினும் வல்லவன் ஒருவன் இருத்தலைப் பொறாமையால் என்றே யாம் கொள்வோம். தமிழில் இவன் கதைக்கு 'எத்தனுக்கு எத்தன்' என்று தலைப்பிட்டோர் அவனை நன்கு அறிந்திருந்தனர். பின்னர் 'நீதிக் காவலன்' என்று அடைமொழி தந்தோர் சற்று ஏமாந்தனர் போலும். தற்புகழ்ச்சி இழுக்காகாத இடங்கள் நான்கு என்றார் நன்னூலார். ஸ்பைடர் அவற்றொடு 'எப்பொழுதும்' என ஐந்தாவது ஒன்றனைச் சேர்த்துக்கொண்டான்.

யாம் இதனை எழுதுவது உத்திரமேரூரில் இருந்து. இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறையை விரிக்கும் அவற்றைத் தேர்தல் மேன்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். அது பிரமதேயச் சபை என்பதையும், நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது என்பதையும் மறத்தலாகாது. அவ்விதிகளுள் எம் கருத்தை ஈர்ப்பன இரண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுக்கு நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலையிடப் பெறார் என்பது ஒன்று. குடத்தினின்று எடுத்த ஓலையை வாங்குபவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும் என்பது மற்றொன்று. அதிகாரத்தைத் தொடுகின்ற கை அவையோர் அனைவர்க்கும் புலனாதல் வேண்டும் என்பதே இரண்டாம் விதியின் உட்பொருள்.

மாயாவியின் குறைபாடு என்று சிறுவர் கருதுவது இதுவே. உடல் முழுதும் மறைந்தும் கை மறையாது. பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளை ஓவியத்தில் இருளடர்ந்த அறையில் அக்கை மட்டும் வெறும் வெளியில் மிதந்து வருதல் அச்சந்தரும் காட்சி. பழைய கையடக்கப் பதிப்பில் அவ்விருளின் ஆழம் சரிவரப் புலப்படவில்லை. பெரிய அளவில் வரும் மறுபதிப்புக்கு யாம் நன்றி கூறுவது இதன் பொருட்டே. அவன் எங்கு நின்று எதனைச் செய்தாலும், செய்த கையைப் பார்த்தவர் ஒருவர் இருப்பர். கதையைப் படைத்தோர் இதனை விறுவிறுப்பின் பொருட்டே அமைத்தனர் என்க. அமைந்ததோ அறத்தின் பாற்பட்டதாயிற்று. ஸ்பைடர்க்கு இத்தகைய தடை யாதும் இல்லை. அவன் வலையும் வான ஊர்தியும் அவன் வேண்டியபடி இயங்குவன. அவனை ஏவுவாரும் இலர், வினவுவாரும் இலர்.

இவ்விடத்து ஒரு தடை எழும். பிறர் பொருள் கவர்ந்தாரையும் உத்திரமேரூர்ச் சபை விலக்கியது. அவ்விதியைக் கண்டிப்புடன் பிடித்தால் மாயாவிக்கும் ஓலை இல்லை. உண்மையே. யாம் அவனை வாரியத்தில் அமர்த்தக் கேட்கவில்லை. அவன் தானும் அமரக் கேட்கவில்லை. நிழற்படையின் தலைமை ஏவிய பணியை முடித்து மீள்பவன் அவன். யார் குற்றவாளி என்பதைத் தீர்மானிக்கும் இருக்கையில் ஏறியவன் அல்லன். ஸ்பைடர் அவ்விருக்கையில் தானே ஏறி அமர்ந்தவன். வீரயுகத்து அதீத ஆற்றலாளரை எல்லாம் ஒரே வகையில் அடக்கிப் போற்றும் ஆர்வலர் இவ்வேறுபாட்டைக் காணாமையே எம் குறை. இரும்பு மனிதன் ஆர்ச்சியைப் பற்றி மிகுதியாகக் கூற ஒன்றும் இல்லை. அவன் கருவி, கருவியின் பிழைக்கு உடையவனே பொறுப்பு. அவன் கதைகள் சிரிப்புக்கு உரியன, அவ்வளவில் நல்லன.

மொழி பற்றியும் ஒரு சொல். சிவகாசி வெளியீடுகளில் 2012 முதல் வந்த பெருமலர்களின் பெயர்கள் 'கம்பேக் ஸ்பெஷல்', 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்', 'மேக்னம் ஸ்பெஷல்' என அமைந்துள்ளன. அட்டையைத் திருப்பினால் உள்ளே 'தங்கக் கல்லறை' போன்ற தலைப்புகள் கிடைக்கின்றன. நினைவிழந்த ஒருவனின் நெடுங்கதைக்கு 'இரத்தப் படலம்' என்று முன்னரே பெயரிட்டவர்களும் இவர்களே. படலம் என்பது காப்பியத்தின் உட்பிரிவு. கண்ணை மறைக்கும் திரையும் அதுவே. நினைவு மறைந்தவனின் தொடர்கதைக்கு இரு பொருளும் பொருந்துகின்றன. இத்துணைச் சொல்வளம் உடையார் மலருக்கு மட்டும் தமிழ்ப்பெயர் காணாது ஒழிதல் எமக்கு விளங்கவில்லை.

பழைய முத்து காமிக்ஸ் இதழ்களை ஆராய விரும்பும் மாணவர் பலகாலும் தனியார் சேமிப்புகளையே நாடுகின்றனர். அவ்விதழ்களை வைத்திருப்போர் விலைமதித்து வைத்திருக்கின்றனர். கேட்டால் அட்டையைக் காட்டுவர், உட்பக்கம் புரட்ட விடார். பல்கலைக்கழக நூலகங்கள் 1972 தொடங்கி வந்த இதழ்களை, கிடைத்தமட்டில் மறுபதிப்புகளோடு ஒருங்கு வைத்துக் காத்தால், முதற் பதிப்பின் உரையாடலுக்கும் மறுபதிப்பின் உரையாடலுக்கும் இடையே மாறிய சொற்களையேனும் ஒருவர் எண்ணிச் சொல்லக்கூடும்.