திரையில்லாத் திரையிசை: நம் பிள்ளைகளின் கணினி இசை குறித்து ஒரு பார்வை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கும். மாதவி ஆடுகிறாள், அவளுக்காகக் குழலும் யாழும் தண்ணுமையும் ஒலிக்கின்றன. எந்தக் கருவி எதன் வழியில் நிற்க வேண்டும் என்பதை இளங்கோவடிகள் முறைப்படுத்திச் சொல்கிறார். தண்ணுமை ஆசிரியனுக்கு அவர் கூறும் தகுதிகளில் ஒன்று, மற்றக் கருவிகளில் குறையும் இடத்தை நிரப்பவும் மிகும் இடத்தை அடக்கவும் தெரிந்திருப்பது. ஆடுபவளைப் பார்த்து வாசிப்பதே அங்கே கலை. இன்று நாம் 'பின்னணி இசை' என்று சொல்வதற்கு இதைவிடப் பழைய இலக்கணம் நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. நம் லோஹேகாவ் பகுதியிலும் அடுத்துள்ள விமான் நகர், கராடி குடியிருப்புகளிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் கணினியில் இசை அமைத்து இணையத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள். யாரும் சம்பளம் தருவதில்லை, படமும் இல்லை. ஆனாலும் தாங்கள் செய்வதை 'சினிமா இசை' என்றே சொல்கிறார்கள். பெற்றோரில் பாதிப் பேருக்கு இது பெருமை. மீதிப் பேர், "பன்னிரண்டாம் வகுப்பு நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்கிறார்கள். இரு தரப்பாரும் உட்கார்ந்து அந்த இசையைக் கேட்டுக் கருத்துச் சொல்வதில்லை. கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைக்கு வந்த இசைக்குழு

முதலில் வரவை எழுதுவோம். தமிழ்ப் படங்களுக்குப் பின்னணி இசை சேர்ப்பது நெடுங்காலம் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் நடந்த கூட்டு வேலை. திரையில் படம் ஓடும். வயலின்காரர்களும் குழல்காரரும் தபலாக்காரரும் எழுதிய குறிப்பைப் பார்த்து ஒன்றாக வாசிப்பார்கள். இதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், அறிமுகம் வேண்டும். 1992-இல் 'ரோஜா' வந்தபோது வேறொரு வழி தெரிந்தது. விளம்பரப் படங்களுக்கு இசை அமைத்துக்கொண்டிருந்த ஏ.ஆர். ரஹ்மான், தம் வீட்டோடு சேர்ந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினியையும் கீபோர்டையும் வைத்து வேலை செய்யும் பழக்கத்தைத் திரைப்படத்துக்குக் கொண்டுவந்தார். கூடம் வீட்டுக்குள் வந்தது.

அடுத்து அந்தக் கூடமே மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. 2004-இல் ஆப்பிள் நிறுவனம் 'கராஜ்பேண்ட்' மென்பொருளை வெளியிட்டது. உண்மையான இசைக்குழுவினரின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிந்து விற்கும் 'ஒலி நூலகங்கள்' பெருகின. 2020-இல் ஸ்பிட்ஃபயர் ஆடியோ என்ற லண்டன் நிறுவனம், பிபிசி சிம்பொனி இசைக்குழுவின் ஒலிகளைத் திரட்டி, அதன் சிறிய வடிவம் ஒன்றை ஒரு கேள்வித்தாளை நிரப்பினால் இலவசமாகவே தந்தது. வயலின்காரர்களை ஒருநாளும் நேரில் பார்த்திராத பையன், லோஹேகாவில் தன் படுக்கையறையில் அவர்களை வாசிக்க வைக்கிறான். இதைச் சிறிதென்று சொல்ல முடியாது.

எல்லாம் ஒரே மாதிரி ஏன்?

இனிக் குறை. இப்படி வரும் இசைத் துண்டுகளில் பத்தைத் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ஆழத்தில் ஒரு நீண்ட ஒலி. அதன்மேல் பியானோவில் இரண்டு மூன்று ஸ்வரம். பிறகு வயலின்கள் 'டக டக டக' என்று வேகமாக ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். பெருமுரசு, அதன்மேல் கோரஸ், எல்லாம் உச்சத்துக்கு ஏறிச் சட்டென்று மௌனம். தலைப்பு மட்டும் 'போர்', 'எழுச்சி', 'விதி' என மாறும். ஹாலிவுட் முன்னோட்டங்களில் நாம் கேட்டுப் பழகிய வார்ப்பு இது.

பிள்ளைகளுக்குக் கற்பனை போதாது என்று இதற்குக் காரணம் சொல்வது நியாயமல்ல. பாதிக் காரணம் கருவியில் இருக்கிறது. ஒலி நூலகம் என்பது தனித்தனி ஸ்வரங்களின் தொகுப்பு. வில்லைச் சட்டென்று இழுத்து விடும் குறுகிய ஒலிகள் அதில் உயிரோடு கேட்கும். ஆகவே 'டக டக' நன்றாக அமைகிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதும், நின்ற இடத்திலேயே அசைவதும் அவ்வளவு எளிதில் வராது. நம் இசையில் ராகத்தின் முகமே கமகம்தான். தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்தால் அது தோடியாகக் கேட்குமா? கீபோர்டில் சுருதியை வளைக்கும் சக்கரம் இருக்கிறது. பழகினால் ஓரளவு கொண்டுவரலாம். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். எளிதாக வருவதைச் செய்துவிட்டு, அதையே 'சினிமாத்தனம்' என்று நம்பிவிடுகிறார்கள். ராகத்தை யாரும் வேண்டுமென்று துரத்தவில்லை. மென்பொருளில் அதற்கு வசதியான இடமில்லை, அதனால் அது தானாகவே வெளியே போய்விடுகிறது.

மீதிப் பாதிக் காரணம் இன்னும் முக்கியமானது. இந்த இசைக்குக் காட்சி இல்லை. மாதவி இல்லாத அரங்கில் தண்ணுமை மட்டும் முழங்கினால், எதை நிரப்புவது, எதை அடக்குவது?

பெரிய ஒலிதான் திரையிசையா?

சில படங்களை நினைத்துப் பார்ப்போம். 1987-இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் வந்த 'புஷ்பக விமானா', தமிழில் 'பேசும் படம்'. படத்தில் வசனமே கிடையாது. இசை எல். வைத்தியநாதன். வசனம் இல்லையே என்று அவர் இசையைக் கொட்டி நிரப்பவில்லை. அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இரைச்சலான விடுதியில் வாழ்ந்து பழகிய கமல்ஹாசனுக்கு, ஆடம்பர ஓட்டலின் அமைதியில் தூக்கம் வராது. பழைய இடத்தின் சத்தத்தை ஒலிநாடாவில் பதிந்து வந்து, அதைப் போட்டுக்கொண்டு தூங்குவார். அங்கே வெறும் இரைச்சலே பின்னணி இசையின் வேலையைச் செய்துவிடுகிறது. போர் விமானச் சத்தத்தோடு வாழ்ந்துவிட்டு, விடுமுறையில் ஊருக்குப் போய் முதல் இரவு தூக்கம் வராமல் புரண்ட நம் லோஹேகாவ்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். அதே வைத்தியநாதன் 'மால்குடி டேஸ்' தொடருக்கு அமைத்த முகப்பிசையை, இந்தியா முழுவதும் ஒரு தலைமுறை இன்றும் முணுமுணுக்கிறது. அதில் ஆர்ப்பாட்டம் ஏதும் கிடையாது.

பெரிய இசைக்குழுவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2000-இல் வந்த 'ஹே ராம்' படத்துக்கு இளையராஜா புடாபெஸ்ட் இசைக்குழுவைப் பயன்படுத்தினார். அந்தப் படத்தின் பாடல் காட்சிகள் முதலில் வேறொருவரின் இசைக்குப் படமாக்கப்பட்டவை. எடுத்து முடித்த காட்சிகளுக்கு, உதட்டசைவும் நடையும் பொருந்தும்படி, இளையராஜா புதிதாக மெட்டமைத்துக் கொடுத்தார். காட்சியைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவரால் இதைச் செய்ய முடியுமா? புடாபெஸ்ட் குழு பிறகு வந்தது. முதலில் வந்தது அந்தக் கண்.

இங்கே ஒருவர் மறுக்கலாம். "அப்படியானால் 'வீடு' படத்துக்கு என்ன சொல்றீங்க?" நியாயமான கேள்வி. நம் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவரான பாலு மகேந்திரா, 1988-இல் வந்த 'வீடு' படத்துக்குத் தனியாக இசை எழுதச் சொல்லவில்லை. இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்தே இசையை எடுத்துக்கொண்டார். எந்தக் காட்சிக்காகவும் எழுதப்படாத இசை அது. சொக்கலிங்க பாகவதர் நடித்த முதியவர், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகும்போது, அது அவருக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது.

இதற்கு என் விடை இது. அந்தத் தொகுப்பு திரைப்படம்போல் ஒலிக்க முயலவில்லை. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அதில், இரண்டு மரபுகள் ஒன்றோடொன்று பேச முடியுமா என்ற சொந்தக் கேள்வி இருந்தது. சொந்த எண்ணம் உள்ள இசைக்குக் காட்சி பிறகும் கிடைக்கும். காட்சி இருப்பதுபோல் பாவனை செய்யும் இசைக்கு எந்தக் காட்சியும் பொருந்தாது. பிள்ளைகளுக்கு இரண்டு வழியும் திறந்தே இருக்கின்றன. மூன்றாவதாக உள்ள பாவனையைத்தான் விட வேண்டும்.

2020-இல் அதே ஸ்பிட்ஃபயர் நிறுவனம், 'வெஸ்ட்வேர்ல்ட்' தொலைக்காட்சித் தொடரின் துரத்தல் காட்சி ஒன்றைக் கொடுத்து, அதற்கு இசை அமைக்கும் போட்டி வைத்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். வென்ற இசையில் பழைய வீடியோ விளையாட்டுகளின் மின்னொலிகள் இருந்தன. இணையத்தில் பலர் கொதித்துப்போனார்கள். இதுவா சினிமா இசை என்றார்கள். தேர்வு சரியா தவறா என்பது இருக்கட்டும். 'சினிமா இசை என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும்' என்ற வார்ப்பு எவ்வளவு இறுகிவிட்டது என்பதை அந்தக் கோபம் காட்டிவிட்டது.

போலச் செய்தல்

நம் பிள்ளைகள் செய்யும் இன்னொரு வேலை உண்டு. பழைய தமிழ்ப் படங்களின் பின்னணி இசையைக் காதால் கேட்டுப் பிடித்துத் திரும்ப வாசித்துப் பகிர்வது. இதைச் சிலர் 'காப்பி' என்று மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு இதில்தான் மதிப்பு அதிகம். எழுதிய இசைக்குறிப்பு கைவசம் இல்லாத நிலையில், நான்கு நிமிட இசையில் இரண்டாம் வயலின் என்ன வாசிக்கிறது என்று நாற்பது முறை கேட்டுக் கண்டுபிடிப்பது பெரும் பயிற்சி. பாட்டு வாத்தியார் முன் உட்கார்ந்து திருப்பிப் பாடும் பாடாந்தரத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 31-சி பிரிவு, மறுபதிவுக்கு வழி தருகிறது. ஆனால் மூலப் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்தாண்டு கழிய வேண்டும், உரிமைத்தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பயிற்சியாக வாசிப்பது வேறு, காசு வரும்படி வெளியிடுவது வேறு என்று சொல்லிவையுங்கள்.

போலச் செய்வது எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு நாம் வாழும் மண்ணிலேயே சான்று இருக்கிறது. லோஹேகாவ், துக்காராம் மகராஜின் தாய் பிறந்த ஊர். அவர் கீர்த்தனம் செய்த ஊர் என்று இங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்வார்கள். 1936-இல் புனேயின் பிரபாத் நிறுவனம் 'சந்த் துக்காராம்' படத்தை எடுத்தபோது, சாந்தாராம் ஆடவலே என்ற கவிஞர் துக்காராமின் நடையில் ஒரு அபங்கம் எழுதினார். அது துக்காராமின் பாடல்தான் என்றே பலர் எண்ணிவிட்டார்கள். அவர் ஓசையை மட்டும் பிடிக்கவில்லை. துக்காராம் எதைப் பார்த்துப் பாடினாரோ அதைப் பார்த்தார். அந்தப் பிரபாத் வளாகத்தில்தான் பிறகு திரைப்படக் கல்லூரி அமைந்தது. பாலு மகேந்திரா படித்ததும் அங்கேதான்.

ஒரு கோலமும் ஒரு குழலும்

தெரிந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, அடுக்குமாடி வாசலில் விடியற்காலையில் கோலம் போடுவதைப் பேரன் கைப்பேசியில் படம் பிடித்தான். அதற்கு வயலின், முரசு, கோரஸ் எல்லாம் சேர்த்துப் பாட்டிக்குப் போட்டுக் காட்டினான். பாட்டி கேட்டார்: "ஏண்டா கண்ணா, நான் கோலம்தானே போடறேன்? யாரோ யுத்தத்துக்குக் கிளம்பற மாதிரி இருக்கே!"

அதைவிடச் சுருக்கமான இசை விமர்சனத்தை நான் படித்ததில்லை. பையன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கருவியாக எடுத்துக்கொண்டே வந்தான். கடைசியில் நின்றவை ஒரு குழல், கோலப்பொடி தரையில் விழும் மெல்லிய ஓசை, தூரத்தில் ஒரு விமானம். "பிளேன் சத்தத்தை எடுத்துடவா பாட்டி?" என்று கேட்டான். "இருக்கட்டும்டா, தினமும் அது இருக்குமே" என்றார். அன்று அவன் இசையமைப்பாளன் ஆனான் என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவன் பாட்டியைப் பார்த்தான். எத்தனை புள்ளி, எந்த வரிசை என்று கேட்டுத் தெரிந்துகொண்டான்.

நமக்கு இதில் பணயமாக இருப்பது அதுதான். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பள்ளியில் கிடைத்துவிடுகின்றன. தமிழோடு அவர்களாகவே விரும்பி வைத்திருக்கும் உறவு பல வீடுகளில் திரையிசை ஒன்றே. இன்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முழு இசையையும் செய்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. பிரம்மாண்டமான ஒலிக்கு இனி விலை இல்லை. எங்கே அடக்குவது என்று தெரிந்த காதுக்கு மட்டுமே விலை இருக்கும். அந்தக் காது, வீட்டில் நடப்பதைக் கவனிப்பதில் தொடங்குகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் விழாவில் வழக்கமான பாட்டுப் போட்டியோடு, மூன்று நிமிட மௌனப் படம் ஒன்றையும் திரையிடலாம். நம் குடும்பங்களே எடுத்ததாக இருக்கட்டும்: சென்னை ரயிலிலிருந்து புனே நிலையத்தில் இறங்கும் தாத்தா, மூட்டையில் வந்த முருங்கைக்காய், பணி முடிந்து சீருடையைக் கழற்றும் அப்பா. அதற்குப் பிள்ளைகள் இசை அமைக்கட்டும். நடுவர்களாகப் பாட்டிமார்களை உட்கார வைப்போம். அதற்குள் இன்று இரவே உங்கள் பிள்ளையின் அறைக் கதவைத் தட்டி, "நீ செஞ்சதைப் போடேன், கேக்கறேன்" என்று சொல்லுங்கள். கேட்ட பிறகு புகழலாம், குறையும் சொல்லலாம். இரண்டுக்கும் அவர்கள் காத்திருக்கிறார்கள்.