தட்டச்சுப் பெண்ணின் கட்டுரை

பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து, நித்திரை வராத பகல்களில் மகளின் புத்தகங்களை எடுத்து வாசிப்பது என் வழக்கம். அவளது தலைமுறைக்கு ‘டார்க் அக்கடமியா’ என்று ஒரு வகை இருக்கிறது: பழைய நூலகம், பூட்டிய பெட்டி, ஒரு சாவு, நடுவே ஒரு காதல். அந்தத் தட்டில்தான் ஏ. எஸ். பயட்டின் ‘பொஸெஷன்’ இருந்தது. அந்த வகைக்குப் பெயர் பிறக்குமுன்பே, 1990இல் வெளிவந்து அவ்வாண்டின் புக்கர் பரிசைப் பெற்ற நாவல். ‘ஒரு றொமான்ஸ்’ என்று ஆசிரியையே உபதலைப்பும் இட்டிருக்கிறார். “உமக்கேன் இந்த மாளிகைப் பேய்க்கதை?” என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அவருக்கான பதிலாகவும் இதைக் கொள்ளலாம்.

றோலண்ட் மிச்செல் என்ற இளம் ஆய்வாளன், ஆஷ் என்ற விக்டோரியா காலக் கவிஞன் வைத்திருந்த நூலொன்றை லண்டன் நூலகத்தில் திறக்கிறான். உள்ளே, யாரோ ஒரு பெண்ணுக்கு ஆஷ் எழுதிய இரண்டு கடித வரைவுகள். அவற்றைக் களவெடுக்கிறான். மோட் பெய்லி என்ற பேராசிரியையுடன் சேர்ந்து தேட, அப்பெண் கிறிஸ்டபெல் லமொட் என்ற கவி என்று தெரிகிறது. பொம்மைக் கட்டிலின் மெத்தைக்கடியில் கடிதக் கட்டு, ஆவியழைப்பு, நீரில் மூழ்கிச் செத்த தோழி, 1987 ஒக்ரோபர் புயலிரவில் புதைகுழி தோண்டல் என்று கோதிக் கதைக்கு வேண்டிய சகலதும் உண்டு. இரு கவிஞர்களும் கற்பனை. அவர்களின் கவிதைகள் அத்தனையும் பயட் எழுதியவை. (சிலவற்றை முதல் வாசிப்பில் தாண்டிப் போனேன்.) தலைப்புக்கு உடைமை என்றும் பொருள், எங்களூரில் கலை வருதல் என்போமே, அதுவும்தான்.

ஆனால் இந்நாவலின் இருட்டு புதைகுழியில் இல்லை என்றே எனக்குப் படுகிறது. கலாநிதிப் பட்டம் பெற்ற றோலண்டுக்குப் பகுதிநேர வேலைதான். பூனை மூத்திரம் கூரையால் ஒழுகும் நிலக்கீழ் வீடு. வெளியே தோட்டம் தெரியும், ஆனால் வீட்டுக்காரி அங்கே போகவிடாள். அவனது மேலாளரான பேராசிரியர் பிளக்அடர் பிரிட்டிஷ் மியூசியத்தின் அடித்தளத்தில் ஆண்டுக்கணக்காக ஆஷின் முழுத்தொகுப்பைப் பதிப்பிக்கிறார். அந்த இடத்துக்கு ‘ஆஷ் தொழிற்சாலை’ என்று பெயர். வாசித்ததும் சிரித்துவிட்டேன். பட்டியில் வரும் பாணுக்குக் கை ஈடுகொடுக்காமல் நின்றவன் அதைத் தொழிற்சாலை என்று சொல்லமாட்டான்.

அந்த வீட்டுக்கு வாடகை கட்டுபவள் றோலண்டின் தோழி வல். அலுவலகங்களில் தற்காலிகமாகத் தட்டச்சு செய்து அவனது ஆய்வைத் தாங்குகிறாள். அவளும் ஆஷைப் பற்றி, அவனது கவிதைகளில் வரும் பெண்களைப் பற்றி, ஒரு கட்டுரை எழுதியவள்தான். அதில் பெரும்பகுதி றோலண்டின் வேலை என்று பரீட்சகர்கள் முடிவுகட்டினார்கள். அவனோ அதை வாசிக்கவே மறுத்திருந்தான். முன்னூறு பக்கக் கடிதத் தேடலை விட இந்தச் சில வரிகள் என்னை அதிகம் தொந்தரவு செய்தன. இங்கு வந்த முதல் 4 வருடங்கள் என் மனைவி அலுவலகங்கள் துடைத்தாள். நான் ஆய்வை முடிக்கிறேன் என்று மேசையில் இருந்தேன். ஆய்வு முடியவில்லை. அவளும் ஊரில் எம்.ஏ.க்குக் கட்டுரை எழுதியவள்; அதை நான் இன்றுவரை கேட்டு வாங்கி வாசித்ததில்லை.

பயட்டே 1972 முதல் 1983 வரை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படிப்பித்தவர். வலை எங்கிருந்து எடுத்தார் என்று ஊகிப்பது சிரமமில்லை. ஆயினும் அவளை என்ன செய்வதென்று நாவலுக்குத் தெரியவில்லை. பந்தயக் குதிரை வைத்திருக்கும் சட்டத்தரணி ஒருவனுடன் சேர்த்து அனுப்பிவிடுகிறது. றோலண்டுக்கோ ஹொங்கொங், பார்சலோனா, அம்ஸ்ரடாம் என மூன்று இடங்களிலிருந்து வேலை வருகிறது. தோட்டத்துக்குள்ளும் போய்விடுகிறான். கடிதங்கள் யாருக்குரியவை என்ற கேள்வியும், மோட் அக்கவிகள் இருவரதும் வழித்தோன்றல் என்று தெரிந்ததும் தீர்ந்துவிடுகிறது. வாசித்தவரா, கண்டெடுத்தவரா, காசு கொடுப்பவரா என்று அவ்வளவு கூர்மையாக விவாதித்த நாவல், கடைசியில் இரத்த உறவைக் காட்டி வழக்கை முடிக்கிறது. றொமான்ஸ் அப்படித்தான் முடியும் என்பார் நண்பர். உபதலைப்பை நானும் பார்த்தேன். வலின் கட்டுரையை மட்டும் கடைசிப் பக்கம் வரை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.